மால்டா விசாவில் போய் ஜெர்மனியில் வேலை பார்க்கலாமா?

கேள்வி: வக்கீலம்மாவுக்கு வணக்கம். மன்னார்குடி பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறேன். கூட்டுறவு வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இளைய மகன் கேட்டரிங் டிப்ளமோ முடித்துவிட்டு திருச்சியில் ஒரு ஹோட்டல் கிச்சனில் மூன்று வருடமாக இருக்கிறான். வயது 24. மால்டா நாட்டில் சமையல் வேலை, மாதம் 1,050 யூரோ சம்பளம் என்று ஒரு ஏஜென்ட் வந்திருக்கிறார். மொத்தம் ஆறரை லட்சம் கேட்கிறார், முன்பணம் இரண்டு லட்சம். "மால்டா சின்ன நாடுதான். ஆனால் ஐரோப்பிய யூனியனில் மெம்பர். அங்கே கார்டு கைக்கு வந்துவிட்டால் ஆறு மாதத்தில் ஜெர்மனிக்கு மாறிக்கொள்ளலாம். எல்லாம் ஒரே யூனியன்தானே? தமிழ்நாட்டு ஆள் பெங்களூரில் வேலை பார்ப்பதில்லையா?" என்கிறார். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. முக்கால் ஏக்கர் நிலத்தை விற்றால் பணம் புரட்டிவிடலாம். என் மனைவிக்குச் சம்மதமில்லை. மால்டா உண்மையிலேயே யூனியனில் இருக்கிறதா? இருந்தால் அதன் கார்டை ஜெர்மனி ஏற்காதா? இவ்வளவு சின்ன நாட்டை அங்கே யாராவது மதிக்கிறார்களா? பெயர் வெளியிட வேண்டாம்.

பதில்: ஐயா, நிலத்தை இப்போதைக்கு விற்காதீர்கள். காரணத்தை விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் ஏஜென்ட் முழுப் பொய் சொல்லவில்லை. பாதி உண்மை சொல்லியிருக்கிறார். மறுப்பதற்குக் கஷ்டமானது அதுதான்.

மால்டா ஐரோப்பிய ஒன்றியத்தில் இருக்கிறது. 2004 மே 1 அன்று பத்து நாடுகள் ஒரே நாளில் சேர்ந்தன, அவற்றில் ஆகச் சிறியது மால்டா. இன்றைக்கும் 27 நாடுகளில் அதுதான் சிறியது. பரப்பளவு 316 சதுர கிலோமீட்டர். நம் சென்னை மாநகராட்சியே 426. 2021 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 5,19,562. எல்லைச் சோதனை இல்லாமல் நாடு விட்டு நாடு போய்வரும் ஷெங்கன் பகுதியில் 2007 டிசம்பரில் சேர்ந்தது, 2008 ஜனவரி 1 முதல் யூரோ நாணயம். இதுவரை ஏஜென்ட் சொன்னதில் தவறு இல்லை.

தவறு "ஒரே யூனியன்தானே" என்ற இடத்தில் வருகிறது. நம் ஊரில் ஒன்றியம் என்றால் பஞ்சாயத்து ஒன்றியம். அதற்கு மேலே போனால் ஒன்றிய அரசு. இரண்டிலும் மேலே இருப்பவர் சொன்னால் கீழே இருப்பவர் கேட்க வேண்டும். அதே சொல்லை ஐரோப்பாவுக்கும் வைத்திருக்கிறோம், அதனால் மால்டாவைத் தஞ்சாவூர் மாவட்டம் போலவும் ஜெர்மனியைச் சென்னை போலவும் மனசு கற்பனை செய்துகொள்கிறது. இந்தியாவில் குடியுரிமை ஒன்றே ஒன்று. வெளிநாட்டுக்காரருக்கு விசா கொடுப்பதும் டெல்லி மட்டுமே. உங்கள் மகன் பெங்களூரில் வேலை பார்ப்பது அவன் இந்தியக் குடிமகன் என்பதால். கர்நாடகம் அவனைத் தடுக்க முடியாது. ஐரோப்பாவில் 27 நாடுகளுக்கும் தனித்தனிக் குடியுரிமை. அந்தக் குடியுரிமை உள்ளவருக்கு மட்டும் அதற்கு மேலே 'ஒன்றியக் குடிமகன்' என்ற தகுதி தானாக வந்து சேரும். மால்டாக்காரர் ஒருவர் நாளைக் காலை பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெர்லினுக்குப் போய் வேலையில் சேரலாம். அவருக்கு ஒர்க் பெர்மிட் தேவையில்லை. மால்டாவில் வேலை பார்க்கும் இந்தியருக்கு அந்த உரிமை கிடையாது. அவர் அங்கே எத்தனை நாள் வெங்காயம் நறுக்கினாலும் இந்தியக் குடிமகன்தான்.

வெளியிலிருந்து வேலைக்கு வருபவர்களில் எத்தனை பேரை எடுப்பது என்பதை ஒவ்வொரு நாடும் தானே முடிவு செய்யும் என்று ஒன்றியத்தின் அடிப்படை ஒப்பந்தத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். 79-ஆம் பிரிவின் 5-ஆம் உட்பிரிவு. ஜெர்மனி போன்ற பெரிய நாடுகளும் இதை விட்டுக்கொடுக்கவில்லை, சின்ன நாடுகளும் விடவில்லை. ஆக, மால்டா கொடுக்கும் வேலை அனுமதி மால்டாவின் சொந்த முடிவு. அதை ஜெர்மனி ஏற்கவில்லை என்றால் மால்டாவை மதிக்கவில்லை என்று அர்த்தமில்லை. ஜெர்மனி கொடுக்கும் அனுமதியை வைத்துக்கொண்டு மால்டாவிலும் வேலை பார்க்க முடியாது.

பிறகு அந்தக் கார்டை ஏன் எல்லோரும் ஐரோப்பா கார்டு என்கிறார்கள்? பார்ப்பதற்கு அப்படி இருக்கும், அவ்வளவுதான். ஒன்றிய நாடுகள் எல்லாம் வெளிநாட்டவருக்கான குடியிருப்பு அட்டையை ஒரே அளவில், ஒரே வடிவத்தில் அடிக்க வேண்டும் என்று விதி. உங்கள் ஏஜென்ட் வாட்ஸ்அப்பில் ஒரு கார்டு படம் அனுப்பியிருப்பார், பெரிதாக்கிப் பாருங்கள். எந்த நாடு கொடுத்தது, என்ன வகை அனுமதி என்பதெல்லாம் அதிலேயே இருக்கும். மால்டாவில் உங்கள் மகனுக்குக் கிடைக்கப்போவதன் பெயர் சிங்கிள் பெர்மிட். தங்குவதற்கும் வேலைக்கும் சேர்த்து ஒரே அனுமதி. அது குறிப்பிட்ட முதலாளிக்கும் குறிப்பிட்ட வேலைக்கும் கட்டப்பட்டது. மால்டாவுக்குள்ளேயே வேறு ஹோட்டலுக்கு மாற வேண்டுமென்றாலும் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும்.

அந்தக் கார்டில் ஒரு வசதி உண்டு. மற்ற ஷெங்கன் நாடுகளுக்குத் தனி விசா எடுக்காமல் போய்வரலாம், 180 நாளில் 90 நாள் வரை. சுற்றிப் பார்க்கலாம், சொந்தக்காரர் வீட்டில் தங்கலாம். வேலை பார்க்கக் கூடாது. ஏஜென்ட்கள் பிடித்துக்கொள்வது இந்த 90 நாளைத்தான். ஷெங்கன் என்பதே வேறு, ஒன்றியம் வேறு. சுவிட்சர்லாந்தும் நார்வேயும் ஷெங்கனில் இருக்கின்றன, ஒன்றியத்தில் இல்லை. அயர்லாந்து ஒன்றியத்தில் இருக்கிறது, ஷெங்கனில் இல்லை.

என்னிடம் வந்த ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். புதுக்கோட்டைப் பக்கம். மால்டாவில் ஏழு மாதம் பாத்திரம் கழுவினான். பிறகு யாரோ சொன்னார்கள் என்று வேறொரு நாட்டில் ஒரு உணவகத்துக்குப் போய்விட்டான். மூன்றாவது வாரம் அதிகாரிகள் சோதனைக்கு வந்தார்கள். "மால்டா கார்டை பாலித்தீன் கவர்ல பத்திரமா வெச்சிருந்தேன் மேடம். எடுத்துக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தாங்க. அப்புறம் 'மால்டா, மால்டா'ன்னு மட்டும் சொன்னாங்க." அங்கிருந்து அனுப்பிவிட்டார்கள். அதற்குள் மால்டா முதலாளி, ஆள் வேலைக்கு வரவில்லை என்று எழுதிக் கொடுத்திருந்தார், பெர்மிட்டும் போனது. ஊருக்கு வந்தபோது வட்டி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. இப்படிப்பட்டவர்களின் பெயர் ஷெங்கன் தகவல் கணினியில் ஏறிவிட்டால் அடுத்த சில வருடங்களுக்கு எந்த ஷெங்கன் நாடும் விசா கொடுக்கத் தயங்கும்.

சின்ன நாட்டை அங்கே மதிக்கிறார்களா என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் கடிதத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி அது. பணத்தோடு சம்பந்தமில்லாததால் கடைசியில் போட்டிருக்கிறீர்கள். கொஞ்சம் சம்பந்தமும் இருக்கிறது.

ஒன்றியத்தில் சேருவதா வேண்டாமா என்று அந்த நாடே இரண்டாகப் பிளந்து சண்டை போட்டது. 1990-இல் விண்ணப்பித்தார்கள். 1996-இல் ஆட்சிக்கு வந்த தொழிற்கட்சி அதைக் கிடப்பில் போட்டது. 1998-இல் தேசியவாதக் கட்சியின் எடி ஃபெனெக் அடாமி திரும்ப வந்து தூசி தட்டி எடுத்தார். 2003 மார்ச் 8 அன்று மக்களிடம் வாக்கெடுப்பு. 90 சதவீதத்துக்கு மேல் வாக்குப்பதிவு, நம் ஊர் இடைத்தேர்தல் தோற்றுப்போகும். 53.65 சதவீதம் பேர் சேரலாம் என்றார்கள். தொழிற்கட்சித் தலைவர் ஆல்ஃபிரட் சான்ட் ஒப்புக்கொள்ளவில்லை. வாக்களிக்காதவர்கள், செல்லாத ஓட்டுப் போட்டவர்கள் எல்லோரையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் 'சரி' என்றவர்கள் பாதிக்கும் குறைவு, ஆகவே வென்றது நாங்களே என்று அறிவித்தார். அடுத்த மாதமே பொதுத்தேர்தல். அதிலும் ஃபெனெக் அடாமி ஜெயித்தார். தேர்தல் முடிந்த நாலாம் நாள் ஏதென்ஸில் ஒப்பந்தத்தில் கையெழுத்து. பிற்காலத்தில் அதே சான்ட் ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டுப் பத்து வருடம் உறுப்பினராக இருந்தார். அரசியல் எல்லா ஊரிலும் அரசியல்தான்.

சேர்ந்ததால் அவர்களுக்கு என்ன கிடைத்தது? ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் மொத்தம் 720 இடம், மால்டாவுக்கு 6. ஜெர்மனிக்கு 96. கேட்டால் அநியாயம் போலத் தெரியும். மக்கள்தொகையை வைத்து வகுத்துப் பாருங்கள், நிலைமை தலைகீழ். மால்டாவில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேருக்கு ஓர் உறுப்பினர், ஜெர்மனியில் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு ஒருவர். ஒன்றியத்தின் நிர்வாகத்தை நடத்தும் ஐரோப்பிய ஆணையத்தில் ஒவ்வொரு நாட்டுக்கும் ஓர் ஆணையர், மால்டாவுக்கும் ஒருவர். ஐரோப்பிய நீதிமன்றத்தில் ஒரு நீதிபதி. வரி போன்ற விஷயங்களில் 27 நாடும் ஒத்துக்கொண்டால்தான் சட்டம், ஆகவே அங்கே மால்டா ஒன்று மட்டும் கை தூக்கித் தடுக்கலாம். 2022 ஜனவரியிலிருந்து ஐரோப்பிய நாடாளுமன்றத்தின் தலைவராக இருப்பவர் ரொபெர்ட்டா மெட்சோலா என்ற மால்டாப் பெண்மணி. அரபு மொழிக்கு உறவான மால்டீஸ், ஒன்றியத்தின் அலுவல் மொழிகளில் ஒன்று. ஒன்றியத்தின் சட்டங்கள் அந்த ஐந்து லட்சம் பேரின் மொழியிலும் வெளியாகின்றன. மொழிக்காகப் போராடிய ஊர்க்காரர்கள் நாம், இதன் அருமை நமக்குத் தெரியும்.

சேரும்போது பேரமும் பேசினார்கள். 316 சதுர கிலோமீட்டரில் ஐரோப்பாவின் பணக்காரர்கள் எல்லாம் விடுமுறை வீடு வாங்க ஆரம்பித்தால் உள்ளூர்க்காரனுக்கு நிலம் ஏது? ஐந்து வருடம் அங்கே வசிக்காத வெளியாள், இரண்டாம் வீடு வாங்க வேண்டுமென்றால் அனுமதி பெற வேண்டும் என்று நிரந்தர விலக்கு வாங்கிக்கொண்டார்கள். எல்லாப் பேரமும் பலிக்கவில்லை. வசந்த காலத்தில் காடையும் புறாவும் சுடுவது அங்கே பரம்பரைப் பழக்கம். அதற்கும் வழி கிடைத்துவிட்டது என்று நினைத்தார்கள், 2009-இல் ஐரோப்பிய நீதிமன்றம் மால்டா விதியை மீறியதாகத் தீர்ப்புச் சொன்னது.

உங்கள் மகன் விவகாரத்துக்கு நெருக்கமானது இன்னொரு வழக்கு. உரிமை முழுக்கக் குடியுரிமையில்தான் இருக்கிறது என்றேன் அல்லவா? அந்தக் குடியுரிமைக்கு எவ்வளவு மதிப்பு என்பதை மால்டா அரசே நன்றாகப் புரிந்துவைத்திருந்தது. பல வருடம் பெரும்பணம் முதலீடு செய்பவர்களுக்கு அதை வழங்கியது. வாங்கியவர்கள் மால்டாவில் வாழ வேண்டும் என்று ஆசைப்பட்டவர்கள் அல்லர், 27 நாட்டுக் கதவையும் திறக்கும் சாவிக்குக் காசு கொடுத்தவர்கள். 2025 ஏப்ரல் 29 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் இது ஒன்றியச் சட்டத்துக்கு விரோதம் என்று சொல்லிவிட்டது. கோடீஸ்வரர்கள் பெருந்தொகை கொட்டி வாங்கியது ஒரு சமையல்காரருக்கு ஆறே மாதத்தில் கார்டோடு சேர்ந்து வரும் என்று ஏஜென்ட் சொன்னால் நம்பலாமா, நீங்களே யோசியுங்கள்.

ஒரு விதத்தில் மால்டாவின் உறுப்பினர் தகுதி உங்கள் மகனுக்கு எதிராகவே வேலை செய்யும். ஒரு ஹோட்டல்காரர் இந்தியரை எடுப்பதற்கு முன்னால், அந்த வேலைக்கு மால்டாக்காரரோ ஒன்றியத்துக் குடிமகனோ கிடைக்கவில்லை என்று காட்ட வேண்டியிருக்கும். ஜாப்ஸ்பிளஸ் என்ற அரசு வேலைவாய்ப்பு அமைப்பின் கருத்தையும் கேட்பார்கள். பக்கத்தில் இருக்கும் சிசிலியிலிருந்து ஓர் இத்தாலியர் கப்பல் ஏறி வந்தால் அவருக்குப் பெர்மிட்டே வேண்டாம்.

இன்னொரு விதத்தில் அதே தகுதி அவனைக் காப்பாற்றவும் செய்யும். இதை ஏஜென்ட்கள் சொல்வதே இல்லை, அவர்களுக்கு இதில் காசு இல்லை. சிங்கிள் பெர்மிட்டில் வேலை பார்ப்பவருக்குச் சம்பளம், வேலை நிலைமை, பாதுகாப்பு ஆகியவற்றில் உள்ளூர்க்காரருக்குச் சமமான உரிமை உண்டு என்பது ஒன்றியச் சட்டம். வருடத்துக்குக் குறைந்தது நாலு வாரம் சம்பளத்தோடு விடுமுறை. வாரத்துக்குச் சராசரி 48 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. இந்த 48 மணி நேர விஷயத்தில் மால்டா ஒரு சந்து வைத்திருக்கிறது: தொழிலாளி எழுத்துமூலம் சம்மதித்தால் கூடுதல் நேரம் வேலை வாங்கலாம். ஒப்பந்தத்தோடு அந்தச் சம்மதத் தாளையும் சேர்த்து நீட்டுவார்கள், பையன்கள் படிக்காமலே கையெழுத்துப் போடுவார்கள். அதைத் தனியாக எடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். கையெழுத்துப் போட மறுக்கலாம், போட்ட பிறகு மனம் மாறினால் முன்னறிவிப்புக் கொடுத்துத் திரும்பப் பெறவும் செய்யலாம்.

சம்பளத்தையும் பார்த்துவிடுவோம். 2025-இல் மால்டாவின் குறைந்தபட்சக் கூலி வாரத்துக்கு 221.78 யூரோ, மாதத்துக்கு ஏறத்தாழ 960. அதாவது 1,050 என்பது அடிமட்டத்துக்குச் சற்று மேலே, மூன்று வருட அனுபவமுள்ள சமையல்காரருக்குப் பெரிய சம்பளம் இல்லை. ஸ்லீமா, செயின்ட் ஜூலியன்ஸ் மாதிரி ஹோட்டல்கள் நிறைந்த இடங்களில் வாடகை கடுமை. ஒரு அறையில் நாலு பேர் தங்கினால்தான் கையில் மிஞ்சும். ஆறரை லட்சத்தை வட்டியோடு எத்தனை மாதத்தில் அடைக்க முடியும் என்ற கணக்கை, வங்கியில் இருந்த உங்களுக்கு நான் போட்டுக் காட்ட வேண்டியதில்லை.

சரி, மால்டாவிலிருந்து ஜெர்மனிக்குப் போகச் சட்டப்படி வழியே இல்லையா? இருக்கிறது, ஆனால் நீளமானது. மால்டாவில் தொடர்ந்து ஐந்து வருடம் சட்டப்படி வசித்தால் 'ஒன்றியத்தின் நீண்டகால வாசி' என்ற தகுதிக்கு விண்ணப்பிக்கலாம். இடையில் ஒரே தடவையாக ஆறு மாதத்துக்கு மேலும், மொத்தமாகப் பத்து மாதத்துக்கு மேலும் வெளியே இருந்திருக்கக் கூடாது. மால்டீஸ் மொழித் தேர்விலும் தேற வேண்டும், அதில்தான் நம்மவர்கள் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். அங்கே எல்லோரும் ஆங்கிலம் பேசுவதால் யாரும் அந்த மொழியைப் படிப்பதில்லை. அந்தத் தகுதி கிடைத்த பிறகும் ஜெர்மனியில் தனியாக விண்ணப்பித்து அவர்கள் அனுமதி கொடுத்தால்தான் வேலை. ப்ளூ கார்டு என்று ஒன்று இருக்கிறது, அது உயர்கல்வியும் உயர்ந்த சம்பளமும் உள்ளவர்களுக்கு, இந்த வேலைக்குப் பொருந்தாது. "கம்பெனியே ஜெர்மனிக்குப் போஸ்டிங் போடும்" என்று ஏஜென்ட் அடுத்து சொல்லக்கூடும். மால்டா நிறுவனம் தன் ஊழியரைத் தற்காலிகமாக வேறு நாட்டுக்கு அனுப்பலாம், உண்மைதான். வேலை முடிந்ததும் திரும்ப வேண்டும், நிறுவனமும் மால்டாவில் நிஜமாகத் தொழில் நடத்த வேண்டும். ஒரு ஹோட்டல் தன் சமையல்காரரை எதற்காக ஜெர்மனிக்கு அனுப்பப் போகிறது?

மகனுக்கு மனசு ஜெர்மனியில் இருந்தால் நேராக ஜெர்மனிக்கே முயற்சி செய்யட்டும். அந்த நாட்டுக்கு ஆள் தேவை. இந்தியத் தொழில்திறனாளர்களுக்கான விசாவை வருடத்துக்கு 20,000-லிருந்து 90,000 ஆக உயர்த்துவதாக 2024-இல் அறிவித்தார்கள். சமையல் தொழிலுக்கு அங்கே 'ஆஸ்பில்டுங்' என்ற மூன்று வருடப் பயிற்சி உண்டு, படிக்கும்போதே உதவித்தொகை தருவார்கள். அதற்கு ஜெர்மன் மொழியில் பி1 என்ற நடுத்தர நிலை வேண்டும். அந்த மொழியைக் கற்றுத்தரும் கோத்தே இன்ஸ்டிட்யூட் சென்னையில் இருக்கிறது. வேலையை விடாமல் படித்தால் ஒரு வருடம், ஒன்றரை வருடம் ஆகும். ஆறரை லட்சத்தில் சிறு பங்குதான் செலவு.

மால்டாவையே ஒரு வேலையிடமாக நினைத்து, இரண்டு வருடம் அனுபவம் சேர்த்துவிட்டுத் திரும்ப வேண்டும் என்று போனால் நான் தடுக்க மாட்டேன். கடலோர ஹோட்டல் கிச்சன்களில் நல்ல தொழில் கற்கலாம். ஆனால் இந்த விலையில் இல்லை. இந்தியாவில் பதிவு பெற்ற ஏஜென்ட் வேலை தேடுபவரிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கு ஜி.எஸ்.டி.யும். வெளியுறவுத் துறையின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு பெற்றவர்கள் பட்டியல் இருக்கிறது. உங்கள் ஏஜென்டின் பெயர் அதில் இருக்கிறதா என்று மகனை இன்றைக்கே பார்க்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் அந்த இரண்டு லட்சத்தைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. சென்னையில் உள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தில் புகாரும் கொடுக்கலாம். பெயர் இருந்தால் பதிவு எண்ணை எழுத்தில் வாங்குங்கள். மால்டா முதலாளி கையெழுத்திட்ட ஒப்பந்தத்தையும் கேளுங்கள், அதில் வேலை நேரம், தங்குமிடம், சம்பளப் பிடித்தம் ஆகியவை தெளிவாக இருக்க வேண்டும். ஜெர்மனிக்கு மாற்றிவிடுவோம் என்ற வாக்குறுதியையும் எழுதிக் கொடுங்கள் என்று சும்மா கேட்டுப் பாருங்கள், என்ன சொல்கிறார் என்று தெரிந்துகொள்ள எனக்கும் ஆவல். அந்த ஒப்பந்த நகலை எனக்கு அனுப்பினால் படித்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.